கேட்டபோது அருகில் நின்றவர்

பேச்சித்தாய் இரண்டாவது முறையாக மேமோகிராம் எடுக்க வந்த அன்று காலையில் நான் அவளைத் திட்டினேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. இடது மார்பில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி, தொட்டாலே தெரிகிறது. ஏழு மாதத்துக்கு முன்னால் இதே அறையில், இதே கருவியில் அவளுக்குப் படம் எடுத்தது நான்தான்.

“ஏழு மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? உப்பளத்துல உப்பு எந்திரிச்சு ஓடியா போயிரும்?” என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஆஸ்பத்திரியில் அது எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். “சிஸ்டர், நீங்கதான ஒண்ணுமில்லன்னு சொல்லிவிட்டிய?”

“நானா? யாரு சொன்னா உங்ககிட்ட?”

“அவுகதான் சொன்னாவ. போன்ல வந்துச்சாம்.”

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் புருஷன் தளவாய் அங்கே நின்றார். பேச்சித்தாயின் தாலிச் சங்கிலி அவர் கைக்குட்டையில் முடிந்திருந்தது. என் கண்ணைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

படம் எடுத்து முடித்து, அவரைத் தாழ்வாரத்துக்குத் தனியாக அழைத்துப் போனேன். “போன்ல என்ன வந்துச்சு?”

“கட்டி இருக்கு, ஒரு வாரத்துல வரணும்னு வந்துச்சு மேடம்.”

“பெறகு?”

“சொல்ல வாய் வரல. உப்பு வாரி முடியட்டும்னு இருந்தேன். பெறகு மக கல்யாணப் பேச்சு வந்துட்டு. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு…” அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். ஓங்கி ஒன்று விடலாமா என்றுதான் போனேன். ஐம்பது வயது ஆள் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்தபின் வாயில் வைத்திருந்த திட்டும் போய்விட்டது.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. படத்தைப் படிப்பதும் முடிவை அனுப்புவதும் கருவிதான். என்னைப் போன்ற ரேடியோகிராபர் ஆளை நிறுத்திப் படம் எடுப்பதோடு சரி, முடிவைக் கண்ணில் காட்டமாட்டார்கள். முடிவு யாருக்குப் போகிறதோ அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் டாக்டருக்கே திறக்கும். யாருக்குப் போகவேண்டும் என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கருவிகள் உலகத்தில் எல்லோரிடமும் ஒரே மாதிரி பேசுகின்றன, கிராமத்துப் பெண்கள் மிரண்டு ஓடுகிறார்கள் என்று புகார் வந்தபோது, கருவி அந்தந்த ஊர் வழக்கப்படி நடக்கவேண்டும், ஒவ்வொரு வழக்கத்துக்கும் நம்பகமான ஆய்வு ஆதாரம் இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு நானும்தான் கைதட்டினேன். ஆய்வுகளை எடைபோட்டு மதிப்பெண் தரும் மென்பொருளுக்கு என்னவோ நீளமான பெயர் உண்டு. நாங்கள் தராசு என்போம்.

அந்தத் தராசு எங்கள் கடற்கரைக்குக் கொடுத்த விதி இது: “மணமான உழைக்கும் பெண்களின் பரிசோதனை முடிவை முதலில் கணவரிடம் தெரிவிக்கவும். பெண்ணிடம் நேரடியாகத் தெரிவிப்பதை இப்பகுதிப் பெண்கள் விரும்புவதில்லை.”

அன்று மதியமே கணக்கெடுத்தேன். கட்டி என்று முடிவு போயும் திரும்பி வராதவர்கள் இந்த வருடத்தில் மட்டும் முப்பத்தெட்டுப் பேர். எண்ணிக்கையைத்தான் கருவி காட்டும், பெயரைக் காட்டாது. உப்பளம் உப்பளமாகப் போய், படம் எடுத்தவர்கள் எல்லோரும் வாருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். “எனக்கு ஒண்ணுமில்லன்னு எங்க வீட்ல சொல்லிட்டாவ சிஸ்டர்” என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. அந்த முப்பத்தெட்டுப் பேர் யார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு நாளும் அவர்களுக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

சென்னையில், தராசை நடத்துகிற வாரியத்துக்குப் போன் செய்தேன். எங்கள் வட்டாரத்தைப் பார்க்கும் அதிகாரி இளங்குமரன் எடுத்தார். சின்ன வயது, பொறுமைசாலி.

“அந்த விதி தப்பு தம்பி. எடுத்துருங்க” என்றேன்.

“சோர்ஸ் இருக்கா மேடம்?”

“என் கண்ணால பார்த்தேன்.”

“உங்க கண்ணு சோர்ஸ் இல்லையே மேடம். ஒண்ணு, இதை மறுக்கிற மூணு நல்ல ஆய்வு கொண்டு வாங்க. இல்ல, இந்த விதி எந்த ஆய்வு மேல நிக்குதோ அதைத் தப்புன்னு நிரூபிங்க. ரெண்டுல எதுவும் இல்லாம நானே நினைச்சாலும் மாத்த முடியாது.”

“நிரூபிச்சுட்டா?”

“அன்னைக்கே மாறிடும்.”

“அப்ப மாறுதுன்னு வச்சுக்கோங்க” என்று போனை வைத்தேன். எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. தப்பான விதிக்குக் கீழே தப்பான ஆய்வுதானே இருக்கமுடியும், தோண்டினால் வந்துவிடப்போகிறது.

தோண்டினேன். மருத்துவப் படமெடுப்பில் பண்பாட்டுப் புரிதல் என்று தேடியதும் ஆயிரக்கணக்கில் கொட்டியது. நல்ல கட்டுரைகளும் இருந்தன. முக்காட்டை எடுக்கச் சொல்லாமல் கழுத்தைப் படமெடுப்பது பற்றி ஒன்று, ஆண் ரேடியோகிராபர் பெண்ணிடம் எப்படி அனுமதி கேட்பது என்று ஒன்று. படித்துவிட்டு எழுதியவர்களுக்குக் கும்பிடு போடலாம் போல இருந்தது. ஆனால் முடிவை யாரிடம் சொல்வது என்று எங்கள் கடற்கரையைக் குறிப்பிட்டுப் பேசியவை நாற்பத்து மூன்றுதான்.

என் வழி எளிது. ஒரு கட்டுரையை எடுத்தால் முடிவுரையைப் பார்க்கமாட்டேன். யார் கேட்டார், யாரைக் கேட்டார், எந்த மொழியில், எந்த இடத்தில் என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் பாதிக்கு மேல் யாரையும் கேட்கவே இல்லை. இன்னொரு கட்டுரை சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். மனிதர்களைக் கேட்டதாகச் சொன்ன பதினொன்றில் எட்டு, கணினியே பெண்களாக நடித்துப் பதில் சொன்னவை. அந்தக் கணினிக்கு எங்கள் பெண்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததும் பழைய கட்டுரைகள்தான். மீதி மூன்றும் ஒரே பழைய ஆய்வில் பெண்கள் சொன்ன பதில்களைத்தான் மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டிருந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம், எல்லாம் வந்து முட்டிய அந்த ஒரே ஆய்வைத் திறந்தேன்.

எழுதியவர் டாக்டர் அனந்தநாராயணன். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவர், காலமாகிவிட்டார். இருபத்தாறு வருடப் பழைய ஆய்வு. மேமோகிராம் எடுக்க வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களிடம் “முடிவை யாரிடம் சொல்லவேண்டும்?” என்று நேரில், தமிழில் கேட்டதில், நூற்றெண்பத்தேழு பேர் கணவரிடம் என்றார்கள். தராசு அதற்கு எண்பத்தெட்டு மதிப்பெண் கொடுத்திருந்தது. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

“பெண்களிடம் நேரில் கேட்டுப் பதிவு செய்தவர்: பயிற்சி மாணவி செல்வி பியூலா.”

பியூலா நான்தான்.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. டாக்டர் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, வருகிற பெண்களிடம் கேட்டு டிக் போடு என்றார். நானும் போட்டேன். பொய்யாக ஒரு டிக் போட்டதில்லை. ஒவ்வொருத்தியையும் கேட்டேன், அவள் சொன்னதையே எழுதினேன்.

எப்போது கேட்டேன்? எங்கள் பக்கத்துப் பெண்கள் படம் எடுக்கச் சங்கிலியைக் கழற்றினால் மேசையில் வைக்கமாட்டார்கள், தட்டிலும் வைக்கமாட்டார்கள். ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தாலிச் சங்கிலியைப் புருஷன் கையில்தான் கொடுப்பார்கள். அறை வாசலில், கழற்றிக் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் அவர்கள் ஓரிடத்தில் நிற்பார்கள். உள்ளே போனால் வெட்கம், வெளியே வந்தால் வீட்டுக்கு ஓட்டம். ஆகவே நான் அந்த நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் அப்படியே.

சங்கிலியைப் புருஷன் உள்ளங்கையில் வைக்கிற நேரத்தில், அவர் முகத்துக்கு முன்னால், “முடிவை யாரிடம் சொல்ல?” என்று கேட்டால் எவள் வேறு பதில் சொல்வாள்? மற்றதைச் சொன்ன இருபத்தைந்து பேரும் அம்மாவோடோ அக்காவோடோ வந்தவர்களாகத்தான் இருக்கும். அருகில் நின்றவர் யார் என்று எழுதத் தாளில் கட்டமே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு மரமண்டையாக நின்றிருக்கிறேன். அந்த டிக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நாற்பத்து மூன்று கட்டுரையாகி, விதியாகி, தளவாயின் போனில் போய் ஏழு மாதம் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, கெடுத்தது நான், திருத்துவதும் நான் என்று தராசைத் திறந்தேன். அது எப்போதும் மேடைத் தமிழில்தான் பேசும்.

“இந்த ஆய்வின் தரவைத் திரட்டியவள் நான். கேட்ட முறை தப்பு. நீக்கு” என்றேன்.

“தரவு திரட்டுவதில் பிழை செய்ததாகத் தாங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா? ஒப்புக்கொண்டால் தங்கள் நம்பக மதிப்பு குறையும். தற்போது அது தொண்ணூற்றாறு. ஐம்பதுக்குக் கீழே போனால் கருவியை இயக்கும் உரிமையும் நிற்கும்.”

இருபத்தைந்து வருட உத்தியோகம். ஒரு நிமிஷம் கை நின்றது, இல்லையென்று சொல்லமாட்டேன். “ஒப்புக்கொள்கிறேன்” என்றேன்.

“பதிவானது. தங்கள் நம்பக மதிப்பு ஒன்பது.”

“சரி. ஆய்வை நீக்கு.”

“இயலாது. மதிப்பு ஒன்பது உள்ளவரின் வாக்குமூலத்தைக் கொண்டு மதிப்பு எண்பத்தெட்டு உள்ள ஆய்வை நீக்க விதியில் இடமில்லை.”

“அப்ப என் தொண்ணூற்றாறைத் திருப்பிக் கொடு. பிறகு சொல்கிறேன்.”

“மதிப்பைத் திருப்பினால், தாங்கள் திரட்டிய தரவும் சரியென்றாகும்.”

“நான் உண்மை சொன்னால் அது பொய்யாகிவிடும் என்கிறாயா?”

“ஏற்கத்தக்கதல்ல என்று மட்டுமே சொன்னேன்.”

மறுநாள் காலை கருவி என் கைரேகையை ஏற்கவில்லை. வேறொரு பெண்ணை என் அறையில் போட்டார்கள். எனக்கு வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை. அன்று மதியம் டோக்கனை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பினேன்.

பேச்சித்தாய்க்கு அதற்குள் புற்றுநோய்க்கான ஊசி மருந்து தொடங்கியிருந்தது. முதல் ஊசி போட்டு ஐந்தாம் நாளே, வீட்டில் கிடந்தால் கண்டதையும் யோசிக்கச் சொல்லும் என்று அளத்துக்கு வந்துவிட்டாள். வேலை செய்யவில்லை, பெண்கள் கஞ்சி குடிக்கிற கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டுக் கஞ்சிச் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

“அப்ப நீதானா அது” என்றாள். சிஸ்டர் என்ற பேச்சும் போய்விட்டது, நீங்க என்ற மரியாதையும் போய்விட்டது.

“நான்தான்.”

“ஏழு மாசம்க்கா. டாக்டர் சொன்னாரு, அப்பவே வந்திருந்தா வெறும் ஆப்பரேசனோட போயிருக்குமாம். இப்ப தலமுடியும் போகுது, மாரும் போகுது. புருஷனத் திட்டித் தீத்துட்டேன். ஒன்ன நான் என்ன சொல்லித் திட்ட?”

“என்ன வேணா சொல்லு.”

அவள் திட்டினாள். அதை இங்கே எழுதவில்லை. நானும் அழுதேன், அவளும் அழுதாள். அழுது முடித்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, தப்பாக் கேட்டன்னா திரும்பக் கேக்க வேண்டியதுதான? இந்தத் தடவ ஒழுங்காக் கேளு” என்றாள்.

“என் பேச்சு இனி எடுபடாது பேச்சி. எனக்கு மதிப்பு ஒன்பதுதான்.”

“ஒனக்குத்தான இல்ல. எனக்கு எவ்வளவு இருக்கு?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கிருந்தே இளங்குமரனைக் கூப்பிட்டேன். “தம்பி, இதுவரை எந்த ஆய்விலயும் பேரே இல்லாத ஒருத்தருக்கு எவ்வளவு மதிப்பு?”

“ஐம்பது மேடம். எல்லாருக்கும் ஆரம்பம் அதுதான். அவங்களே தரவு எடுக்கலாம். கேட்ட இடம், நேரம், குரல் பதிவு எல்லாம் இருந்தா மதிப்பு ஏறும்.”

பேச்சித்தாய் ஆறாம் வகுப்போடு நின்றவள். என்னைவிட ஐந்து மடங்கு நம்பகமானவள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அவளுக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

கேள்வித்தாளை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். முதல் கேள்விக்கு முன்னாலேயே ஒரு கட்டம் போட்டேன்: கேட்டபோது அருகில் இருந்தவர் யார்? ஆண்கள் எட்டிப்பார்க்காத கஞ்சிக் கொட்டகைதான் கேட்கிற இடம். பேச்சித்தாய் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஊசியின் குமட்டலோடு, அளம் அளமாகப் போனாள். ஒவ்வொருத்தியையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள். ஒன்பது நாளில் முந்நூற்றுப் பதினொரு பேர். “ஒனக்கு வந்தா யாருகிட்டச் சொல்லணும்? எனக்கு வந்திருக்கு, அதான் கேக்கேன்” என்றுதான் ஆரம்பிப்பாள். அப்படிக் கேட்க எந்த டாக்டராலும் முடியாது.

எல்லோரும் “என்னிடம்தான் சொல்லவேண்டும்” என்பார்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அப்படி வரவில்லை. பாதிப் பேருக்குக் கொஞ்சம் அதிகமாக அப்படிச் சொன்னார்கள். மகளிடம் என்றவர்கள் நிறைய. கூட உப்பு வாருகிற சிநேகிதியிடம் சொல், அவள் எனக்குப் பக்குவமாகச் சொல்லுவாள் என்றவர்கள் உண்டு. ஆம்பளையிடமே சொல், எனக்குப் பயம் என்று அருகில் யாருமே இல்லாதபோதும் சொன்னவர்கள் நாற்பத்தாறு பேர். சொல்லவே வேண்டாம், மருந்தைக் கொடு போதும் என்று ஒருத்தி.

தராசு அதற்குத் தொண்ணூற்றிரண்டு போட்டது. அது எண்பத்தெட்டைவிடக் கூடுதல் என்பதால், அருகில் நின்றவர் யாரென்று எழுதாத பழைய ஆய்வு தப்பென்று ஆகிக் கீழே இறங்கியது. உடனே கேட்டது: “இக்குழுவினரின் புதிய வழக்கம் என்ன? ஒரு வரியில் தருக.”

“ஒரே வழக்கம் கிடையாது. ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, படம் எடுப்பதற்கு முன் கேள்” என்று பேச்சித்தாய் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

இளங்குமரன் போன் செய்தார். “மேடம், இது ஒரு விதியா?”

“இதுதான் விதி தம்பி.”

“எங்க அம்மாகிட்டயும் நான் இதைக் கேட்டதில்ல மேடம்” என்றார். அன்று சாயங்காலமே விதி மாறியது. முடிவை யாரிடம் சொல்ல என்று தனியாகக் கேட்க, கருவி முப்பத்தெட்டுப் பெண்களையும் அவரவர் பெயர் சொல்லித் திரும்ப அழைத்தது. மூன்று வாரத்தில் முப்பத்தாறு பேர் வந்தார்கள். ஒருத்தி ஊரைவிட்டுப் போயிருந்தாள், தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னொருத்தி இறந்து இரண்டு மாதமாகியிருந்தது. அவள் பெயர் இசக்கியம்மாள். அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஊசியெல்லாம் முடிந்து, ஆப்பரேஷனும் முடிந்து, பேச்சித்தாய் மறுபடி படம் எடுக்க வந்தாள். நான் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். தளவாய் தாழ்வாரத்துக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார், இப்போதெல்லாம் ஆண்களை அங்கேதான் உட்காரவைக்கிறோம். கதவைச் சாத்துவதற்குள் பேச்சித்தாய் என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கருவி கேட்டது: “தங்கள் முடிவை யாரிடம் சொல்லவேண்டும்?”

“அவுககிட்டச் சொல்லு” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?”

“நீ சும்மா இருக்கா. என்கிட்டத்தான கேக்கு? ஏழு மாசம் மறைச்ச வாயி. நல்லதோ கெட்டதோ, அந்த வாயாலதான் நான் கேக்கணும். இல்லன்னா சாகுற வரைக்கும் நான் அவுக சொல்லுற எதையும் நம்ப மாட்டேன். ஒரே வீட்ல எப்படிக்கா இருக்க?”

நான் வெளியே வந்து டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கால்மணி நேரத்தில் தளவாயின் போன் அடித்தது. அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, தாழ்வாரம் முழுக்க நடந்து அவளிடம் வந்தார். “பேச்சி, கேளு” என்று ஆரம்பித்து மெல்ல வாசித்தார். வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது. இடது பக்கம், அக்குளுக்குக் கீழே, அரிசி அளவுக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. மறுபடி மருந்து தொடங்கவேண்டும், திங்கட்கிழமை வரவேண்டும். மிச்சம் என்ற வரிக்கு வந்தபோது என்னிடம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு அதையும் வாசித்தார்.

அவள் அழவில்லை. போனை வாங்கி என்னிடம் நீட்டினாள். “எக்கா, இவுக சொன்னது சரிதானான்னு வாசிச்சுச் சொல்லு.”

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். “ஒரு வார்த்தை விடல பேச்சி” என்றேன்.

“திங்கக்கெழம எத்தன மணிக்கு வரணும்?” என்று அவரிடம் கேட்டாள்.